ஒலியும் வலுவும்: மோட்டார் சைக்கிள் சைலன்சரின் உள்தடுப்பைத் தேர்ந்தெடுத்தல்

மேற்குத் தொடர்ச்சி மலையை வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு மதில் எனக் கொண்டால், அம்மதிலில் அமைந்த பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்வாயிலின் ஊடே, ஆடியில் மேல்காற்றும் மார்கழியில் கீழ்காற்றும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும். அதனுள்ளே, பாலக்காட்டிலிருந்து கிழக்கே பொள்ளாச்சியை நோக்கிச் செல்லும் சாலையில் எலப்புள்ளி என்னும் ஊர் உள்ளது. கரும்பனைகளும் நெல்வயல்களும் சூழ்ந்த ஊர். மலையாளமும் தமிழும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர்.

சென்ற மார்கழியில் நாம் தில்லியிலிருந்து விடுப்பில் சென்று, அவ்வூரில் வாழும் எம் தமக்கையாரின் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தோம். ஓரிரவு மணி பதினொன்று இருக்கும். கிழக்கே வெகு தொலைவில் இடி உருள்வது போன்றதோர் ஓசை எழுந்தது. மார்கழி வானில் இடி ஏது என்று நாம் எண்ணி முடிப்பதற்குள் அவ்வோசை வளர்ந்து, சாளரக் கம்பிகளை அதிரச் செய்து, வீட்டு வாயிலில் வந்து நின்று அடங்கியது. பெங்களூரில் பணிபுரியும் தமக்கையின் மகன் தன் மோட்டார் சைக்கிளில் ஊர் வந்து சேர்ந்திருந்தான். பிள்ளை வந்த மகிழ்ச்சியில் நம் வீட்டில் விளக்கு எரிந்தது. அடுத்த வீட்டிலும் எரிந்தது. அங்கே, நெஞ்சு நோய்க்கு மருந்துண்டு அப்போதுதான் கண்ணயர்ந்த முதியவர் ஒருவர் திடுக்கிட்டு எழுந்து, விடியும் வரை திண்ணையிலேயே அமர்ந்திருந்தார். அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும் என்று தமக்கையார் மறுநாள் பலமுறை சொன்னார்.

காலையில் பையன் நம் முன்னே மூன்று இரும்புக் குழல்களை எடுத்து வைத்தான். அவனுடைய வண்டி 1990களில் சென்னைத் திருவொற்றியூரில் செய்யப்பட்ட 350 சிசி புல்லட். அதனை வாங்கியவுடனே, தொழிற்சாலையார் பொருத்திய சைலன்சரைக் கழற்றிவிட்டு, நேர்க்குழாய்ச் சைலன்சர் ஒன்றை மாட்டியிருந்தான். ஓசை அவனுக்கே மிகுதியாகத் தோன்றவே, உள்ளே செருகும் தடுப்புக் குழல்களை ஒரு கடையில் வாங்கி வந்திருக்கிறான். உள்விட்டத்தில் ஒன்று 25 மில்லிமீட்டர், ஒன்று 32, மற்றொன்று 38. “வலு குறையக் கூடாது, மாமா, சத்தமும் கொஞ்சம் அடங்க வேண்டும். இம்மூன்றில் எதைப் போடட்டும்?” என்பது அவன் வினா.

நாம் கலைப் பட்டதாரி, தொழில் மொழிபெயர்ப்பு. எனினும் மோட்டார் வாகன விதிகளின் பக்கங்கள் நம் மேசை வழியாகச் சென்றதுண்டு. இப்பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குத் தடுப்பது என்றும், திகைக்க வைப்பது என்றும் இரு பொருள் உண்டு. மொழிபெயர்ப்பாளனை அச்சொல் இரண்டாம் பொருளிலும் செவ்வனே பணி செய்தது. பட்டறைகளில் இதனைப் பேஃபிள் என்பர். இளைஞர் டிபி கில்லர் என்பர். நாம் தடுப்பு என்றே வழங்குவோம். பையனுக்கு விடை கூறும் முன் நாம் சில நாள் படித்தோம். பட்டறைக்காரர் ஒருவரிடம் கேட்டோம். அவனையே சாலையில் ஓட்டச் செய்து பார்த்தோம். வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களின் வீடுகளிலும் இத்தகைய பிள்ளைகளும் இவ்வினாவும் இருக்கக்கூடும் ஆதலின், அறிந்தவற்றை இங்கே கூறுகிறோம்.

முதலில், ஓசை பிறக்கும் இடத்தைக் காண்போம். நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டரானது அதன் அச்சு இருமுறை சுழல்வதற்குள் ஒருமுறை எரிபொருளை எரிக்கிறது. எரிந்த வளி மிகுந்த அழுத்தத்தோடு உள்ளே அடைபட்டிருக்கும் வேளையில் வெளிப்போக்கு வால்வு திறக்கிறது. அணையின் மதகைச் சட்டென்று தூக்கினாற்போல வளி பாய்கிறது. இப்பாய்ச்சல் ஒழுங்கான நீரோட்டம் அன்று. தனித்தனித் துடிப்புகளின் வரிசை. நிமிடத்திற்கு 900 சுற்றில் வண்டி நின்றபடி ஓடுகையில் நொடிக்கு ஏழு அல்லது எட்டுத் துடிப்புகள் எழும். கூர்ந்து கேட்போர் அவற்றை ஏறத்தாழ எண்ணிவிடலாம். புல்லட்டின் ஓசை பலரைக் கவர்வதற்கு இதுவே காரணம். 3,000 சுற்றில் துடிப்பு நொடிக்கு 25 ஆகும். அப்போது எண்ண இயலாது, நெஞ்சில் உணரலாம்.

அத்துடிப்பைச் சாலைக்கு வருமுன் தணிக்கும் கருவியே சைலன்சர். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர் 1897இல் இதற்கு உரிமம் பெற்றனர். அன்று முதல் இன்று வரை அடிப்படை முறைகள் இரண்டே. ஒன்று, துளையிட்ட குழலைச் சுற்றிக் கண்ணாடி நாரைத் திணித்து, ஒலியை அந்நாரினுள் தேய்ந்தழியச் செய்வது. மற்றொன்று, உள்ளே அறைகள் அமைத்துக் குறுக்குச் சுவர்களால் அலைகளைத் திருப்பி, ஓர் அலை மற்றோர் அலையை அழிக்குமாறு செய்வது. முன்னது கிறீச்சென்னும் உச்ச ஒலிகளை நன்கு விழுங்கும். பின்னது அடித்தொண்டை ஒலியை அடக்கும்; ஆனால் அதற்கு இடம் வேண்டும். நொடிக்கு 25 துடிப்புள்ள ஒலியின் அலை ஒன்று காற்றில் 13 மீட்டருக்கும் மேல் நீளமுடையது. அதனை அரை முழக் குழல் ஒன்று தடுத்துவிடும் என்று எதிர்பார்ப்பது, யானையை மூங்கில் தட்டியால் மறிக்க முயல்வது போன்றதே.

இக்குறிப்பிலேயே நம் வினாவின் பாதி விடை அடங்கியிருக்கிறது. கடையில் விற்கும் தடுப்புக் குழல்கள் மூன்றும் உச்ச ஒலிகளையே பெரும்பாலும் குறைக்கும். வண்டியின் மேல் இருப்பவன் காதுக்கு வேறுபாடு நன்கு தெரியும். கூர்மை மழுங்கி ஓசை இனிமையாகிவிட்டது என்று அவன் மகிழ்வான். சுவரைத் துளைத்துச் சென்று அடுத்த வீட்டுச் சாளரத்தை அதிரச் செய்யும் தாழ்ந்த ஒலியோ பெரிதும் அப்படியே இருக்கும். ஓட்டுபவன் ஒன்றைக் கேட்கிறான்; ஊரார் வேறொன்றைக் கேட்கின்றனர்.

இனி, துளையின் அளவிற்கு வருவோம். விட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறுதல் எளிது. 38 மில்லிமீட்டருக்கும் 25 மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் வளி செல்வது விட்டத்தின் வழியே அன்று, பரப்பின் வழியே. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 38இன் பரப்பு ஏறத்தாழ 1,134 சதுர மில்லிமீட்டர். 32இன் பரப்பு 804. 25இன் பரப்பு 491. மூன்றாவது குழல் முதற்குழலில் பாதியளவும் இல்லை.

இதனை எலப்புள்ளியார் நன்கு அறிந்த காற்றின் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். 350 சிசி எஞ்சின் 4,000 சுற்றில், முழுமூச்சாக ஓடுவதாகக் கொள்க. அது நிமிடத்திற்கு 2,000 முறை உள்ளிழுக்கிறது. ஏறத்தாழ 700 லிட்டர் காற்று. சைலன்சரை அடையும்போது வெப்பத்தால் அது இரட்டித்து 1,400 லிட்டராகிறது எனலாம். இவ்வளவும் 38 மில்லிமீட்டர்க் குழல் வழியே செல்ல, சராசரியாக மணிக்கு 75 கிலோமீட்டர் வேகம் போதும். 32இல் 105 கிலோமீட்டர் வேண்டும். 25இல் 170 கிலோமீட்டர்; அது புயலின் வேகம். பரந்த சமவெளியில் மெல்ல வரும் காற்று கணவாயில் நெருக்குண்டு விரைகிறது அன்றோ? கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நிறுவியதும் அவ்விரைவை நம்பித்தான். குழலுக்குள்ளும் நிகழ்வது அதுவே. வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். ஆகவே 38ஐ விட்டு 32ஐப் போட்டால் தடை இரட்டிக்கிறது; 25ஐப் போட்டால் ஐந்து மடங்குக்கு மேல் போகிறது.

ஐந்து மடங்கு என்றவுடன் பையன் அந்தச் சிறு குழலை ஒதுக்கி வைத்தான். ஆனால் எதன் ஐந்து மடங்கு என்றும் கேட்க வேண்டும். மேற்சொன்ன வேகத்தில் 25 மில்லிமீட்டர்க் குழல் உண்டாக்கும் சராசரித் தடை, வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு என்ற அளவில்தான் நிற்கிறது. வளி துடிப்பாக வருவதால் உச்ச கணங்களில் அது சில மடங்கு உயரலாம். அப்படியாயினும், பிஸ்டனைக் கீழே தள்ளும் சராசரி அழுத்தமோ வளிமண்டலத்தைப் போல் பல மடங்கு. எனவே 18 குதிரைத்திறன் உள்ள இப்பழைய எஞ்சினில், அதிலும் 4,000 சுற்றுக்குக் கீழே, துளை சிறுத்ததால் இழக்கும் வலு மிகச் சொற்பம். அதே குழலை 40 குதிரைத்திறனுக்கு மேற்பட்டு, 8,000 சுற்று ஓடும் புதிய எஞ்சினில் செருகினால் கதை வேறு. அங்கே அது கழுத்தை நெரிக்கும். தடுப்பின் அளவு வண்டியைப் பொறுத்தது. அவ்வண்டி எச்சுற்றில் பெரும்பொழுது ஓடுகிறது என்பதையும் பொறுத்தது.

பட்டறைகளில் நெடுங்காலமாக நிலவும் ஒரு கூற்றையும் இங்கே ஆராய வேண்டும். “எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும், குழாயை முழுவதும் திறந்துவிட்டால் இழுவை போய்விடும்” என்பர். கண்டது மெய்; கூறும் காரணம் பிழை. எந்த எஞ்சினும் தடையை விரும்புவதில்லை. அது விரும்புவது, குறித்த நேரத்தில் திரும்பி வரும் ஓர் அலையை. வால்விலிருந்து புறப்பட்ட அழுத்த அலை, குழாய் அகன்று விரியும் இடத்தை அடைந்ததும், அங்கிருந்து உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பும். சூடான வளியில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர். ஒரு மீட்டர் நீளக் குழாயில் போய்த் திரும்ப 4 மில்லி நொடி ஆகும். 4,000 சுற்றில் எஞ்சின் அச்சு ஒருமுறை சுழல 15 மில்லி நொடி ஆகிறது. ஆகவே அலை திரும்பும்போது அச்சு கால் சுற்றுக்குச் சற்று மேல் நகர்ந்திருக்கும். உள்வரும் வால்வும் வெளிப்போக்கு வால்வும் ஒருங்கே சிறிது திறந்திருக்கும் தருணத்தில் உறிஞ்சும் அலை வந்தால், அது பழைய புகையை இழுத்துவிட்டுப் புதிய கலவைக்கு வழிகாட்டும். தள்ளும் அலை வந்தாலோ புகை மீண்டும் உள்ளே புகும். தடுப்பை நீக்கினாலும், குழாயைக் குறைத்தாலும், மிக அகலமாக்கினாலும் இந்நேரக் கணக்கு மாறுகிறது. ஏதோ ஒரு சுற்றில் ஊதியம், மற்றொரு சுற்றில் இழப்பு. பெரும்பாலும் நாம் அன்றாடம் ஓட்டும் நடுத்தர வேகத்தில்தான் அவ்விழப்பு வந்து விழுகிறது.

இரு வீச்சு எஞ்சின்களில் இவ்வுண்மை இன்னும் கூர்மையாகத் தெரியும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்னும் பொறியாளர் 1950களில் வயிறு பருத்து வால் சிறுத்த புகைக்குழாயைச் செம்மைப்படுத்தி, சிறு எஞ்சின்களிலிருந்து வியக்கத்தக்க வலுவைப் பெற்றார். 1961இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தபோது அந்நுட்பமும் உடன் சென்றது. நம் நாட்டில் 1985 முதல் 1996 வரை விற்பனையான யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் வால் பகுதியிலுள்ள தடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓசை பெருகியதைக் கண்டு வேகமும் பெருகியதென நம்பியவர் பலர். அத்தகைய குழாயில் வாலின் விட்டமும் வடிவமைப்பில் ஓர் அங்கம். அது மிகச் சிறுத்தால் எஞ்சின் சூடேறும். மிகப் பெருத்தால் வலு இறங்கும்.

ஓசையே வலு என்னும் மயக்கத்திற்கு மருந்தாக ஒரு கணக்கைக் கூறுவோம். ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபெல் அளவில் முழங்கும் புகைக்குழாய், காது அடைக்கும் அளவுக்குக் கத்துகிறது. அவ்வளவு முழக்கத்திலும் ஒலியாக வெளிப்படும் ஆற்றல் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை; ஒரு கைவிளக்குப் பல்பை ஒழுங்காக எரிக்கவும் அது போதாது. எஞ்சினின் 18 குதிரைத்திறனோ 13,000 வாட்டுக்கு மேல். மனிதச் செவி மிக நுண்ணிய கருவி ஆதலால், அத்துளி ஆற்றல் நமக்குப் பேரிடியாகக் கேட்கிறது. டெசிபெல் கணக்கும் கூட்டல் கணக்கு அன்று. 3 டெசிபெல் ஏறினால் ஒலியாற்றல் இரட்டிக்கும். 10 ஏறினால் பத்து மடங்காகும். செவிக்கு அது ஏறத்தாழ இருமடங்கு ஓசையாகத் தோன்றும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் 6 டெசிபெல் குறையும். ஆனால் மார்கழி இரவில் வயலின் மேல் குளிர்ந்த காற்று படிந்திருக்கும்போது ஒலி மேலே சிதறாமல் தரையை நோக்கி வளைகிறது. கீழ்காற்றும் அதனைச் சுமந்து வருகிறது. அவ்விரவு கிழக்கே வெகு தொலைவிலிருந்தே பையனின் வருகை ஊருக்குத் தெரிந்ததன் காரணம் இதுவே.

மூன்று நாள் கழித்து, முற்பகலில், வீடுகள் இல்லாத ஒரு நேர்ச்சாலையில் சோதனை செய்தோம். எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு, மேல் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 70ஐ எட்ட எவ்வளவு நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தில் குறித்தோம். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. காற்றின் உதவியும் எதிர்ப்பும் சமன்படவேண்டும் அல்லவா? 38க்கும் 32க்கும் கண்ட வேறுபாடு எம் கைவிரல் தாமதத்தினும் பெரிதன்று. 25 சற்றே மந்தம். அதுவும் 60க்கு மேல்தான். தடுப்பே இல்லாத நேர்க்குழாயோ, 40இல் பிடியை முறுக்கியவுடன் ஒரு கணம் திணறிவிட்டுப் பிறகுதான் எழுந்தது. பையன் நம்பவில்லை. “இதுதான் வேகமாகப் போவது போல இருந்தது, மாமா” என்றான். அவனையே கடிகாரத்தைப் பிடிக்கச் சொல்லி வண்டியைப் பட்டறைக்காரரிடம் கொடுத்தோம். அதன் பிறகு அவன் அது பற்றிப் பேசவில்லை.

அன்றே வேறொரு குறையும் வெளிப்பட்டது. பிடியைத் தளர்த்தும்போதெல்லாம் நேர்க்குழாய் பட்பட்டென்று வெடித்தது. பட்டறைக்காரர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார்; அதன் முனை சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. கரி போலக் கறுத்திருந்தால் எரிபொருள் மிகுதி. செங்கல் நிறம் இருந்தால் சரியான அளவு. புகை எளிதாக வெளியேறியதால் எஞ்சின் கூடுதலாகக் காற்றை இழுத்திருக்கிறது; கார்புரேட்டரின் ஜெட் பழைய அளவிலேயே இருந்திருக்கிறது. அந்நிலையில் நெடுந்தொலைவு ஓட்டினால் வெளிப்போக்கு வால்வும் பிஸ்டனும் அளவுக்கு மீறிச் சூடேறும். குழாயை மாற்றுவோர் ஜெட்டையும் மாற்றியாக வேண்டும். கடைக்காரர் பெரும்பாலும் இதனைச் சொல்வதில்லை. 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ். 6 வண்டிகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. அவற்றின் குழாயிலேயே புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும், ஆக்சிஜனை அளக்கும் சென்சாரும் உள்ளன. குழாயோடு விளையாடுவது அவ்வண்டியின் மூளையோடு விளையாடுவதாகும்.

இனிச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். இது நாம் ஓரளவு அறிந்த துறை. 2005 ஏப்ரல் 1 முதல் தயாரிப்பாளருக்கு விதிக்கப்பட்ட ஒலி வரம்பு, 80 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 75 டெசிபெல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. வண்டி ஒரு குறித்த முறையில் கடந்து செல்லும்போது அளக்கப்படுவது இது. ஒவ்வொரு மோட்டார் வாகனத்திற்கும் ஓசையை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருத்தல் வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆவது விதி. பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாகும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அப்பிரிவின் வீச்சு பற்றிய வழக்கு கேரளத்திலேயே எழுந்தது. உயர்நீதிமன்றம் உரிமையாளருக்குச் சற்று இடமளித்துக் கூறியதை, 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மாற்றிவிட்டது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, ஒலி வரம்பை மீறி ஓட்டுபவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்திற்கும் மூன்று மாதம் தகுதியிழப்பு உண்டு. உரிமையாளர் செய்த ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தனி. 2022 பிப்ரவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை, மாற்றியமைத்த சைலன்சர்களைக் கண்டுபிடிக்கவென்றே ஒரு தனிச் சோதனை நடத்தியது.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்காக வண்டியைக் கொண்டு போய் நிறுத்தும்போது, ஆய்வாளர் முதலில் நோக்கும் உறுப்புகளில் சைலன்சர் ஒன்று. நம் பையனின் வண்டி கர்நாடகப் பதிவு. அதனைத் தன் தந்தைக்கென எலப்புள்ளியிலேயே விட்டுச் செல்லவும் அவனுக்கு ஓர் எண்ணம் இருந்தது. அயலூரில் வாழ்பவனுக்கு வெளி மாநில எண்பலகையே போதிய விளம்பரம். அதன்மேல் முழக்கமும் சேர்ந்தால் தெருமுனைக் காவலர் கை உயர்த்த வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆகவே அம்மூன்று குழல்களில் எது என்னும் வினா, பொதுச்சாலையைப் பொறுத்தவரை எழவே கூடாத வினா. பந்தயத் திடலிலோ சொந்த நிலத்திலோ ஓட்டுவோர்க்கு வேண்டுமானால் நாம் கற்றதைக் கூறலாம். பெரும்பொழுது ஓடும் சுற்றைக் கணக்கிட்டு, அச்சுற்றில் இழுவை குறையாத அளவில் மிகச் சிறிய துளையையே கொள்க. இந்த 350 சிசி வண்டிக்கு அது 32. குழலின் முனை அடைத்து, வளி பக்கத் துளைகளின் வழியே வெளியேறும் வகையாயின், அத்துளைகளின் மொத்தப் பரப்பு குழலின் பரப்புக்குக் குறையாதிருத்தல் வேண்டும். 32 மில்லிமீட்டர்க் குழலுக்கு 5 மில்லிமீட்டர்த் துளைகள் குறைந்தது 41 தேவைப்படும். கடையில் வாங்கிய குழலில் நாம் எண்ணியபோது அவ்வளவு இல்லை. கண்ணாடி நார் எண்ணெயும் கரியும் படிந்து நாளடைவில் கெடும். ஓசை மெல்ல ஏறுவதைச் சொந்தக்காரர் உணரவே மாட்டார். மாற்றும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது. கைப்பேசியால் ஒலியை அளப்போர், அது காட்டும் எண்ணை நம்ப வேண்டா. ஒரே கைப்பேசியை ஒரே இடத்தில், ஒரே சுற்றில் வைத்து, மாற்றத்திற்கு முன்னும் பின்னும் காணும் வேறுபாட்டை மட்டும் நம்பலாம்.

ஓட்டுபவனின் செவியும் கணக்கில் சேரவேண்டியதே. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபெல் என்பது, தொழிலிட நலத்தை ஆராயும் அமெரிக்க நிறுவனம் ஒன்று வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்நேரம் பாதியாகிறது. 100 டெசிபெல்லில் கால் மணி நேரம் மட்டுமே. பெங்களூரிலிருந்து எலப்புள்ளிக்கு ஒரு பகற்பொழுது ஓட்டி வந்தவன், இரவு உணவின்போது தாய் கேட்டதற்கெல்லாம் “என்ன?” என்று திரும்பக் கேட்டுக்கொண்டிருந்ததை நாம் அப்போது களைப்பு என்று எண்ணியிருந்தோம்.

பழைய சைலன்சர் மாட்டுக் கொட்டகைப் பரண்மேல் சாக்கில் சுற்றிக் கிடந்தது. எடுத்துத் தட்டியபோது துருவும் ஒரு தேள்குஞ்சும் விழுந்தன. உட்சுவர்கள் கெடவில்லை. கொள்ளளவில் அது சிலிண்டரைப் போல் பன்மடங்கு. தாழ்ந்த ஒலி அடங்குவதற்கு வேண்டிய இடம் அதனுள் இருந்தது. பட்டறைக்காரர் கரியைச் சுரண்டி, எஞ்சினோடு சேருமிடத்தில் தேய்ந்துபோன செப்பு வளையத்தை மாற்றினார். அவ்வளையம் வழியாகக் காற்றுக் கசிந்ததும் வெடிப்போசைக்கு ஒரு காரணமாய் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மாலையில் பையன் வண்டியை எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறை வரை போய் வந்தான். டப் டப் என்னும் பழைய துடிப்பு இருந்தது, சாளரம் அதிரவில்லை. அடுத்த வீட்டு முதியவர் திண்ணையிலிருந்து அவனைக் கையசைத்து அழைத்து, தம் இளமையில் ஓட்டிய ஜாவா வண்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். விட்டுச் செல்லும் எண்ணத்தைப் பையன் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு, அதிலேயே புறப்பட்டுப் போனான். பத்து நாள் கழித்து அவனிடமிருந்து நமக்கு ஒரு செய்தி வந்தது. பெங்களூர் சேர்ந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தானாம், செங்கல் நிறம்.